'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்று பொய் சொன்ன நீட்சி

நான் எழுதிய உலாவி நீட்சிக்கு (எக்ஸ்டென்ஷன்) வீட்டுப் பெயர் வால்வெட்டி. யாருக்காவது ஒரு சுட்டியை அனுப்ப நினைத்தால் அதன் பொத்தானை அழுத்தவேண்டும்; முகவரியின் பின்னால் தொங்கும் கண்காணிப்பு வாலை வெட்டிவிட்டு மீதியை நகலெடுத்துத் தரும். யூடிஎம் சோர்ஸ், யூடிஎம் மீடியம், எஃப்பிகிளிட், ஜிகிளிட் என்று வாலில் பல வகை உண்டு. (யூடிஎம் என்பது அர்ச்சின் டிராக்கிங் மாட்யூல். அர்ச்சின் நிறுவனத்தைக் கூகுள் 2005-இல் வாங்கியது. அந்தப் பெயரை இன்று யாருக்கும் நினைவில்லை, வால் மட்டும் உலகம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கிறது.) எந்தெந்தச் சொல்லை வெட்டலாம் என்ற பட்டியல்தான் நீட்சியின் உயிர். புதுப்புது வால்கள் முளைப்பதால் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் ஒரு பயனர் எழுதினார். பட்டியலில் சேர்த்தாயிற்று என்று நான் சொல்லியிருந்த ஒரு வால், அவருக்கு மட்டும் வெட்டுப்படவே இல்லையாம். கூடவே, பொத்தானை அழுத்தினால் விரியும் சின்னப் பெட்டியான பாப்அப்பைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். 'பட்டியல் புதுப்பிக்கப்பட்டது: இன்று' என்று அழகாகப் பச்சை எழுத்தில் இருந்தது. அந்த வாலை நான் சேர்த்து 47 நாள் ஆகியிருந்தது.

முதலில் அவர் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். என்னிடம் சரியாகவே வேலை செய்ததே!

பட்டியல் எப்படி வந்துசேர்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் அது நீட்சிக்குள்ளேயே ஜேசான் என்ற எளிய தரவு வடிவத்தில் ஒரு கோப்பாக இருந்தது. ஒருமுறை ஆர்வக்கோளாறில் 'ரெஃப்' என்ற சொல்லையும் எல்லாத் தளங்களுக்கும் பொதுவாகச் சேர்த்துவிட்டேன். பல தளங்களில் அது கண்காணிப்பு வால்தான். ஆனால் சில தளங்களில் எந்தப் பக்கத்தைக் காட்டவேண்டும் என்பதே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. வெட்டினால் சுட்டி வேறெங்கோ போய் நிற்கும். ஒரு வரியை நீக்கினால் தீரும் தவறு. ஆனால் அந்த ஒரு வரிக்காக நீட்சியின் புதிய பதிப்பைக் கட்டி, உலாவியின் நீட்சிக் கடைக்கு அனுப்பி, அவர்கள் பரிசீலித்து வெளியிட்டு, அப்புறம் ஒவ்வொருவர் உலாவியும் அதை எடுத்துக்கொள்ளும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதன் பிறகுதான் பட்டியலை என் சர்வரில் தனிக்கோப்பாக வைத்து, நீட்சி தினமும் அதைப் போய் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். நீட்சிக்குள்ளேயும் ஒரு பிரதி இருக்கும், முதல் நாள் பிழைப்புக்கு.

இதற்குக் கடையின் விதி இடம் கொடுக்கிறது. நீட்சிகளுக்கான குரோமின் மேனிஃபெஸ்ட் 3 விதிப்படி நிரலை வெளியிலிருந்து இறக்கி ஓட்டக்கூடாது, தரவை இறக்கலாம். என் கோப்பில் இருப்பவை வெறும் சொற்களும் தளப் பெயர்களும். 'இந்தத் தளமாக இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று அந்தக் கோப்பிலேயே ஒரு குட்டி மொழி முளைக்க ஆரம்பித்தால் கை சுட்டுவிடும். அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

சரி, கோளாறுக்கு வருவோம். என்னிடம் ஏன் வேலை செய்தது? நான் ஓட்டிக்கொண்டிருந்தது என் கணினியின் கோப்புறையிலிருந்து நேரடியாக ஏற்றிய பதிப்பு. அதற்குள் இருக்கும் பிரதியை நான் தினமும் திருத்திக்கொண்டிருக்கிறேன். எனவே சர்வரிலிருந்து எதுவுமே வராவிட்டாலும் எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. உலாவியில் புதிதாக ஒரு புரொஃபைல் உருவாக்கி, கடையிலிருந்து வால்வெட்டியை எல்லோரையும் போல நிறுவினேன். பட்டியல் எண் (பட்டியலை மாற்றி வெளியிடும் ஒவ்வொரு முறையும் கூடும் வரிசை எண்) 52 என்றது. சர்வரில் அன்று இருந்தது 59. கீழே அதே பச்சை எழுத்து: புதுப்பிக்கப்பட்டது, இன்று. கோளாறு அந்த ஒருவரோடு நிற்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பச்சை எழுத்தின் பொய்யை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன், ஏனென்றால் எழுதியவன் நான்தான். புதுப்பிக்கும் பகுதி முதலில் 'கடைசியாகப் புதுப்பித்த நேரம் = இப்போது' என்று எழுதிவைத்துவிடும்; அப்புறம்தான் கோப்பை எடுக்கப் போகும்; பிழை வந்தால் விழுங்கிவிடும். ஏன் முன்கூட்டியே எழுதினேன் என்பதும் நினைவிருக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு முறை இறக்கம் நடந்துவிடக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை. பூட்டாகப் பயன்படுத்திய நேரத்தையே பயனருக்குத் தகவலாகவும் காட்டியது என் சோம்பல்.

பிழையை விழுங்கும் வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். சிவப்பில் கோர்ஸ் பிழை வந்தது; ஒரு முகவரியின் பதிலை, அனுமதியில்லாத வேறோர் இடத்து நிரல் படிக்கவிடாமல் உலாவி தடுப்பதுதான் அது. விஷயம் இதுதான்: ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு கோப்பை வேறொரு சர்வருக்கு மாற்றி, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு, நிரந்தரமாக இடம் மாறியது என்று சொல்லும் 301 திருப்பல் போட்டிருந்தேன். உலாவியில் பழைய முகவரியைத் தட்டினால் கோப்பு ஒழுங்காகத் திறந்தது. முகவரியிலிருந்து கோப்பை இறக்கும் கர்ல் கட்டளையிலும் வந்தது. திருப்தியாகத் தூங்கப் போனேன். ஆனால் முகவரியைத் தட்டித் திறப்பது வேறு, நீட்சியின் பின்னணி நிரல் எடுக்கப்போவது வேறு. வால்வெட்டி குறைந்த அனுமதியோடு இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். அது அனுமதி கேட்டிருந்தது பழைய சர்வர் முகவரி ஒன்றுக்குத்தான். திருப்பிவிடப்பட்ட புதிய முகவரிக்கு அனுமதி இல்லை. புதிய சர்வரும் 'யார் வேண்டுமானாலும் படிக்கலாம்' என்று பதிலோடு சொல்லும் தலைப்பு வரியை அனுப்பவில்லை. உலாவி பதிலை வாங்கி, நீட்சியிடம் கொடுக்காமல் வாசலிலேயே கடாசிவிட்டது.

இதில் என்னை இன்னும் ஏமாற்றியது சர்வர் பதிவேடு. புதிய சர்வரில் வரிசையாக 200, 200, 200, அதாவது வெற்றி. கோரிக்கை வந்தது, கோப்பு போனது, எல்லாம் நலம். போன கோப்பு சேரவேண்டிய இடத்தில் சேர்ந்ததா என்பது சர்வருக்கு எப்படித் தெரியும்?

உடனே தோன்றிய தீர்வு, புதிய முகவரிக்கும் அனுமதி கேட்டு அடுத்த பதிப்பை விடுவது. நல்லவேளை செய்யவில்லை. பயனருக்குப் புதிய எச்சரிக்கை காட்டவேண்டிய அளவுக்கு அனுமதி கூடினால், அவர் ஒப்புக்கொள்ளும்வரை குரோம் நீட்சியை முடக்கிவைத்துவிடும். பட்டியல் பழையதாக இருந்தாலும் வெட்டிக்கொண்டிருந்த நீட்சி, அடியோடு நின்றுபோயிருக்கும். அதனால் சர்வர் பக்கமே போனேன். திருப்பலை எடுத்துவிட்டு, பழைய முகவரியிலேயே கோப்பை நேரடியாக வைத்தேன். கூடவே இரண்டு இடத்திலும் எல்லோருக்கும் திறந்த தலைப்பு வரியையும் சேர்த்தேன். நீட்சியில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அன்று மாலையே அந்தப் பயனர் எழுதினார்: வந்துவிட்டது, 59.

எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை புதிய புரொஃபைலைத் திறந்தேன், 52. மாலையில் திறந்தேன், 52. அடுத்த நாளும் 52. பச்சை எழுத்து இப்போது '2 நாட்களுக்கு முன்' என்றது. அதாவது முயன்று தோற்கவும் இல்லை, முயலவே இல்லை. அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பார்த்ததில், அவர் உலாவியை மூடுவதே இல்லை, கணினியும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மூடித் திறப்பவன்.

இந்த இடத்தில் பின்னணி நிரலைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். மேனிஃபெஸ்ட் 3-இல் பின்னணியில் இருப்பது சர்வீஸ் வொர்க்கர். 30 விநாடி வேலை எதுவும் இல்லையென்றால் அதை உலாவி அணைத்துவிடும். ஏதாவது நிகழ்வு வந்தால் மறுபடி எழுப்பும். எழும்போது கோப்பு முதல் வரியிலிருந்து ஓடும். என் முதல் பதிப்பில் செட்இன்டர்வல் என்ற நேரக்கணக்குக் கட்டளையை வைத்து 24 மணிக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தேன். 30 விநாடியில் உயிர் போகிறவனிடம் நாளைக்கு வா என்று சொன்ன கதை. அதையும் உடனே கண்டுபிடிக்கவில்லை. உலாவியின் டெவ்டூல்ஸ் என்ற சோதனைக் கருவியைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை வொர்க்கர் சாகாது. சோதனைக்காக ஒரு நிமிட இடைவெளி வைத்து, கண் முன்னால் அது ஓடுவதைப் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் உழைக்கும் வேலையாள்.

அதன் பிறகு உலாவியே தரும் அலார்ம்ஸ் ஏபிஐ என்ற வசதிக்கு மாறினேன். அதுதான் சரியான வழி; வொர்க்கர் தூங்கினாலும் அலாரத்தை உலாவி நினைவில் வைத்து எழுப்பும். ஆனால் நான் அலாரம் உருவாக்கும் வரியைக் கோப்பின் உச்சியில் வைத்திருந்தேன். வொர்க்கர் எழும் ஒவ்வொரு முறையும் அந்த வரி ஓடும். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு அலாரம் இருந்தால் அது அழிந்து, புதியது பிறந்து, 24 மணி நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். உலாவி திறக்கும்போது ஐகானின் நிறத்தைச் சரிசெய்ய நான் ஒரு தொடக்க நிகழ்வையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் உலாவியைத் திறக்கும் போதெல்லாம் வொர்க்கர் எழும், கணக்கு பூஜ்ஜியத்துக்கு வரும். மாலை 7 மணிக்குத் திறந்து, மறுநாள் காலை 9 மணிக்குத் திறப்பவனுக்கு 24 மணி நேரம் என்றைக்கு முடியும்?

சர்வரை மாற்றுவதற்கு முன்பும் என்னைப் போன்றவர்களுக்கு இது ஒருநாளும் வேலை செய்திருக்கவில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். அவ்வப்போது நீட்சியின் புதிய பதிப்பு வரும்போது அதனுள் இருக்கும் பிரதி பட்டியலைப் புதிதாக்கிவிடும். அதை வைத்து எல்லாம் நடக்கிறது என்று நம்பியிருந்தோம்.

இந்த முறை ஒட்டுப்போடாமல் புதுப்பிக்கும் பகுதி முழுவதையும் கலைத்து எழுதினேன். அலாரத்தின் கையில் இருந்த முடிவெடுக்கும் வேலையைப் பிடுங்கியதுதான் முக்கியமான மாற்றம். இப்போது அலாரம் மணிக்கு ஒருமுறை கதவைத் தட்டும், அவ்வளவுதான். இறக்கவேண்டுமா வேண்டாமா என்பதைச் சேமித்துவைத்த நேரங்களைப் பார்த்து ஒரே ஒரு செயல்கூறு முடிவுசெய்யும். உலாவி திறந்தாலும், நீட்சி புதிதாக நிறுவப்பட்டாலும், பாப்அப் திறந்தாலும், அதே செயல்கூறைத்தான் கூப்பிடுகிறேன். எத்தனை பேர் தட்டினாலும் கடைசி வெற்றியிலிருந்து 20 மணி நேரம் ஆகாவிட்டால் ஒன்றும் நடக்காது. அலாரத்தை உருவாக்கும் முன் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டுவிட்டே உருவாக்குகிறேன். குரோமில் அலாரங்கள் பொதுவாக மூடித் திறந்தாலும் நிலைக்கும், ஆனால் உத்தரவாதம் இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் உலாவியை மூடினால் போய்விடும். இருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் இரண்டுக்கும் பொருந்துகிறது.

நேரம் ஒன்றாக இருந்தது மூன்றாகப் பிரிந்தது. கடைசியாக முயன்றது எப்போது, கடைசியாக வென்றது எப்போது, பட்டியல் தயாரானது எப்போது. முதல் இரண்டும் நீட்சி எழுதுபவை. மூன்றாவது கோப்புக்குள்ளேயே வருகிறது. பயனருக்குக் காட்டுவது மூன்றாவதை மட்டும்தான். கோப்பு ஒழுங்காக வந்துசேர்ந்தும், சர்வரில் அதைத் தயாரிக்கும் ஸ்கிரிப்ட் ஒரு வாரமாகச் செத்துக்கிடக்கலாம். அப்போது 'இன்று சரிபார்த்தேன்' என்பது உண்மையாகவே இருந்தாலும் பயனருக்குப் பயனில்லை. இப்போது பாப்அப்பில் 'பட்டியல் 63, 3 நாள் பழையது' என்று வரும். 14 நாளைத் தாண்டினால் எழுத்து மஞ்சளாகும். பச்சையை எடுத்தேவிட்டேன்.

நேரத்தில் இன்னொரு குழி. கணினிக் கடிகாரம் எப்போதோ தவறுதலாக அடுத்த வருடத்தில் ஓடியிருந்து, அந்த நிலையில் பட்டியல் இறங்கியிருந்தால், வெற்றி நேரம் எதிர்காலத்தில் பதிவாகிவிடும். கடிகாரம் சரியான பிறகு கணக்குப் போட்டால் வயது எதிர்மறையில் வரும். அது 20 மணி நேரத்தைத் தாண்ட ஒரு வருடம் காத்திருக்கவேண்டும். சேமித்த நேரம் இப்போதைய நேரத்தைவிடப் பெரிதாக இருந்தால் அதை நம்பாமல் உடனே இறக்கு என்று ஒரு வரி சேர்த்தேன். தேதியை வேண்டுமென்றே மாற்றி வைத்துச் சோதித்தபோது பல தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் உலாவியே ஓலமிட்டது. அது தனிக் கூத்து.

அடுத்தது, வந்த கோப்பு உண்மையில் பட்டியல்தானா என்ற கேள்வி. பொது இடங்களில் வைஃபையில் சேரும்போது சில அமைப்புகள் எந்த முகவரியைக் கேட்டாலும் தங்கள் உள்நுழைவுப் பக்கத்தைக் கொடுக்கும். ஹெச்டிடிபிஎஸ் இருந்தால் பெரும்பாலும் இணைப்பே தோற்றுவிடும், ஆனால் 'பெரும்பாலும்' என்பதை நம்பி நல்ல பட்டியலை இழக்க விரும்பவில்லை. அதைவிட நான் பயப்படுவது என்னைத்தான்: பாதி எழுதிய கோப்பை நானே ஏற்றிவிடலாம். ஆகவே வாசலில் காவல் போட்டேன். ஜேசானாகப் படிக்க முடியவேண்டும். கோப்பின் அமைப்பைச் சொல்லும் வடிவ எண் நீட்சிக்குத் தெரிந்ததாக இருக்கவேண்டும். வரிசை எண் கையிலிருப்பதைவிடக் குறையக்கூடாது. சொற்களின் எண்ணிக்கை இப்போது இருப்பதில் பாதிக்கும் கீழே போகக்கூடாது. பட்டியலில் யூடிஎம் சோர்ஸ் கட்டாயம் இருக்கவேண்டும். கடைசிச் சோதனை சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான். அந்தச் சொல் இல்லாத பட்டியல் எப்படி வந்திருந்தாலும் அது என் பட்டியல் இல்லை.

எல்லாம் தேறினால் பட்டியலையும் நேரங்களையும் ஒரே அழைப்பில், அந்தக் கணினியிலேயே இருக்கும் சேமிப்பான ஸ்டோரேஜ் லோக்கலில் எழுதுகிறேன். இரண்டாகப் பிரித்து எழுதினால் நடுவில் வொர்க்கர் செத்து, நேரம் புதியதாகவும் பட்டியல் பழையதாகவும் நிற்கும், மறுபடி அதே பொய். லோக்கலில் 10 எம்பி வரை இடம் உண்டு, என் கோப்பு 38 கேபிதான். ஆரம்பத்தில் ஸ்டோரேஜ் சிங்கில் வைத்தால் எல்லாக் கணினிக்கும் தானாகப் போய்விடுமே என்று ஆசைப்பட்டதுண்டு. அங்கே ஒரு உருப்படிக்கு 8 கேபி, மொத்தமே 100 கேபி; அது பயனரின் விருப்பங்களுக்கான இடம், பட்டியலுக்கானது அல்ல.

வரிசை எண்ணில் ஒரு சங்கடம் உண்டு. தவறான பட்டியலை வெளியிட்டுவிட்டால் பழைய எண்ணுக்குத் திரும்ப முடியாது, காவல் தடுத்துவிடும். 61 தவறென்றால், 60-இன் உள்ளடக்கத்தையே 62 என்ற பெயரில் விடவேண்டும். பழகிவிட்டது. நீட்சி புதிய பதிப்புக்கு மாறும்போது உள்ளே வரும் பிரதிக்கும் சேமிப்பில் இருப்பதற்கும் எது புதியது என்ற சண்டையையும் அதே எண்தான் தீர்த்துவைக்கிறது. முன்பு சேமிப்பில் இருப்பது எப்போதும் ஜெயிக்கும், அல்லது உள்ளே இருப்பது எப்போதும் ஜெயிக்கும் என்று மாற்றி மாற்றி எழுதிக் குழம்பியிருந்தேன்.

ஒரு நாள் முழுக்க வீணாய்ப்போன கதையும் உண்டு. கோப்பு மாறாதபோது முழுவதையும் இறக்குவானேன் என்று கோப்பின் பதிப்பு அடையாளமாகச் சர்வர் தரும் இடேக் மதிப்பைச் சேமித்து, அடுத்த முறை இஃப்-நன்-மேட்ச் தலைப்பில் நானே அனுப்பினேன். மாறாவிட்டால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும். சொன்னது. என் நிரல் அதைத் தோல்வி என்று எண்ணி, தோல்விக்கேற்ப இடைவெளியை 1, 2, 4 மணி என்று நீட்டிக்கொண்டே போனது. கோப்பை எடுக்கும் ஃபெட்ச் கட்டளையில் பதிலின் 'ஓகே' என்பது 200 முதல் 299 வரைக்கும்தான் உண்மை, 304-க்குப் பொய். அதைத் திருத்தியதும் வேறொன்று தெரியவந்தது: அந்தத் தலைப்பை நாமே வைத்தால் உலாவியின் கேஷ் (முன்பு இறக்கியதைச் சேமித்துவைக்கும் இடம்) ஒதுங்கிக்கொள்ளும், எல்லாம் நம் பொறுப்பு. கேஷ் அமைப்பை 'நோ-கேஷ்' என்று கொடுத்துவிட்டால் உலாவி தானே சர்வரைக் கேட்டு, மாறவில்லையென்றால் தன்னிடம் இருப்பதை 200 என்ற பெயரிலேயே நம்மிடம் கொடுத்துவிடும். (பெயரைப் பார்த்துக் கேஷே பயன்படுத்தாது என்று நினைத்துவிடுவோம், அதற்கு 'நோ-ஸ்டோர்'.) நான் எழுதிய முப்பது வரியையும் அழித்தேன்.

பாப்அப்பிலும் சின்ன மாற்றம். அது திறந்தவுடன் கையில் இருக்கும் பட்டியலைக் கொண்டே வெட்டிக் கொடுத்துவிடும். புதியதற்காகப் பயனரைக் காக்கவைக்காது. பட்டியல் பழையதென்றால் வொர்க்கரிடம் ஒரு செய்தி மட்டும் அனுப்பும். பாப்அப்பே இறக்கப் போனால், பயனர் வெளியே ஒரு சொடுக்குப் போட்டதும் பாப்அப்போடு இறக்கமும் சாகும்.

சோதனைக்கு இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். தனிப் புரொஃபைல், கடைப் பதிப்பு, டெவ்டூல்ஸ் மூடியிருக்கவேண்டும். கோப்புறையிலிருந்து ஏற்றிய பதிப்பில் அலாரத்துக்குக் குறைந்தபட்ச இடைவெளி என்ற கட்டுப்பாடு கிடையாது. கடைப் பதிப்பில் குரோம் 120 முதல் 30 விநாடி. அதனால் இடைவெளியைச் சுருக்கி வைத்து என் கோப்புறையில் ஓடுவதைப் பார்த்து எதையும் முடிவுசெய்வதில்லை. குரோமின் சர்வீஸ் வொர்க்கர் உள்விவரப் பக்கத்தில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. இறக்கத்தின் நடுவில் அதை அழுத்தி வொர்க்கரைக் கொன்று பார்ப்பதும் இப்போது பழக்கம்.

புதிய பதிப்பு போய் மூன்று வாரம் ஆகிறது. பதிவேட்டில் யாரையும் அடையாளம் காணும் எதையும் நான் வைப்பதில்லை, குக்கியும் அனுப்புவதில்லை. வாலை வெட்டுபவன் தானே ஒரு வாலை ஒட்டினால் நன்றாக இருக்காது. நீட்சி எந்த வடிவக் கோப்பைக் கேட்கிறது என்பது மட்டும் முகவரியில் தெரியும். பெரும்பாலான கோரிக்கைகள் இரண்டாம் வடிவத்துக்கு வந்துவிட்டன. முதல் வடிவத்தைக் கேட்டும் தினமும் சிலர் வருகிறார்கள், பழைய பதிப்பையே வைத்திருக்கும் யாரோ. அவர்களுக்காக ஸ்கிரிப்ட் இன்னும் இரண்டு கோப்பையும் தயாரிக்கிறது. பழைய முகவரியின் சர்வருக்கு அடுத்த மாதம் தவணை முடிகிறது; புதுப்பித்துவிட்டேன்.